சைக்கிள் கற்ற மாவட்டத்தில் பேட்டரி வண்டி



புதுக்கோட்டையில் ஒரு பெண் பேட்டரி ஸ்கூட்டரில் போனால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வரலாற்றை நான் சைக்கிளில் இருந்துதான் தொடங்குவேன். 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வைத்தார். ஒன்றரை வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பக்க பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! நமக்கு எது தோதுன்னு நமக்குத் தெரியாதா என்ன?

மொபெட் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50 பல வீடுகளில் நின்றது. சாவி மட்டும் ஆம்பளைங்க சட்டைப் பையில் இருந்தது.

2008-ல் கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை என்ற பெண்மணி ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கி, பேட்டரி சைக்கிளும் சிறிய ஸ்கூட்டரும் செய்தார். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் மோட்டார் உள்ள வண்டிக்கு லைசென்சும் பதிவும் வேண்டாம். நம்மைப் போன்ற சின்ன ஊர்ப் பெண்களுக்கு இதுதான் பெரிய விஷயம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டாம், பங்குக்குப் போக வேண்டாம். ராத்திரி வீட்டு பிளக்கில் போட்டால் ஒன்றரை யூனிட் போல இழுக்கும், காலையில் மாவு பாக்கெட்டோ தைத்த துணியோ ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.

தொல்லையும் இருந்தது. ஈயப் பேட்டரி கனம், ஆயுசும் குறைவு. நாலில் ஒன்று போனால் மற்ற மூன்றும் உதவாது. மாற்றும்போது கையில் மொத்தமாகப் பணம் வேணும்.

2015-ல் மத்திய அரசு ஃபேம் திட்டத்தில் மானியம் தந்தபோது இந்தச் சாதா வண்டியும் ஆரம்பத்தில் அதில் இருந்தது. 2019 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டத்தில் லித்தியம் பேட்டரியும் குறைந்தது 40 கிலோமீட்டர் வேகமும் கேட்டார்கள். தரமான வண்டி வரட்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் லைசென்ஸ் இல்லாத, கையில் காசு குறைந்த பெண் முதலில் வாங்கிய வண்டி மானியத்தில் இருந்து விழுந்துபோனது. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். பாதி விலை அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. அது வேலைக்குப் போகும் பெண்களுக்கான திட்டம் என்பதால் பல பெண்கள் லைசென்ஸ் எடுத்தார்கள், ஆர்.சி. புத்தகத்தில் அவர்கள் பெயர் ஏறியது. 2021-ல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது, பெரிய பேட்டரி ஸ்கூட்டருக்கு அவர்கள் தயாராக இருந்தார்கள். அதே வருஷம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில், பெண்களே நடத்தும் ஸ்கூட்டர் ஆலை என்று ஓலா நிறுவனம் அறிவித்தது.

இன்று பல ஊராட்சிகளில் குப்பை அள்ளும் பேட்டரி வண்டியைத் தூய்மைக் காவலர் பெண்கள் ஓட்டுகிறார்கள். எங்கள் குழுவில் வண்டிக் கடனுக்குத் தீர்மானம் எழுதும்போது இரண்டு கேள்வி கேட்போம்: ஆர்.சி. யார் பெயரில்? பேட்டரி மாற்ற மாசம் எவ்வளவு ஒதுக்குவீங்க?