விண்வெளிக்குப் போன இசைத்தட்டு

அவசரமாய் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை எதை எடுக்கிறது, எதை விடுகிறது? எங்களில் கனபேர் ஒருநாள் இந்தக் கேள்விக்கு மறுமொழி தேடினவர்கள்தான். 1977 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சிறு குழுவினரும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். ஆனால் அவர்கள் கட்டிய மூட்டை ஒரு வீட்டுக்கானதல்ல, பூமி முழுவதுக்குமானது.

அந்த ஆண்டில் நாசா நிறுவனம் வொயேஜர் என்ற பெயரில் இரண்டு விண்கலங்களை அனுப்பியது. வொயேஜர் 2 ஓகஸ்ட் 20 ஆம் திகதியும், வொயேஜர் 1 செப்ரெம்பர் 5 ஆம் திகதியும் புறப்பட்டன. வியாழன், சனி முதலிய கோள்களை ஆராய்வதே அவற்றின் வேலை. வேலை முடிந்தாலும் அவை திரும்பி வரமாட்டா. நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும். என்றோ ஒருநாள் யாராவது கண்டெடுத்தால் எங்களை அறியட்டும் என்று, தங்கமுலாம் பூசிய 12 அங்குலச் செப்பு இசைத்தட்டு ஒன்றை ஒவ்வொரு கலத்திலும் பொருத்தினார்கள்.

குழுவின் தலைவர் வானியல் அறிஞர் கார்ல் சாகன். ஓவியர் ஜோன் லொம்பேர்க், எழுத்தாளர்கள் ஆன் ட்ரூயன், திமொதி பெரிஸ் முதலியோர் கூட நின்றனர். கணக்கையும் விஞ்ஞானத்தையும் மட்டும் அனுப்பினால் மனிதர் யாரென்று விளங்காது, கலையும் போகவேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஆகவே நூற்றுக்கு மேற்பட்ட படங்களும், 27 இசைப் பதிவுகளும், 55 மொழிகளில் வாழ்த்துக்களும் தட்டில் ஏறின.

பாக், பேத்தோவன் போன்ற மேதைகளோடு கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி ராகமும் அதில் உண்டு. கலம் புறப்பட்டுச் சில நாட்களில், செப்ரெம்பர் 16 இல், அந்த அம்மையார் காலமானார். குருட்டு வில்லி ஜோன்சன் என்ற கறுப்பினப் பாடகரின் 1927 ஆம் ஆண்டுப் பதிவும் உண்டு. அதில் சொற்களே இல்லை, முனகலும் கிற்றார் ஒலியும் மட்டுந்தான். இரவானால் படுக்க இடமில்லாத மனிதனின் நிலையை அது சொல்லுகிறது. அந்தத் தவிப்பு எங்கட சனத்துக்குப் புதிதல்ல.

தட்டில், எல்லா உலகங்களிலும் எல்லாக் காலங்களிலும் இசை படைப்போருக்கு இது என்ற கருத்தில் பெரிஸ் ஒரு வரியைக் கையால் பொறிப்பித்தார். வரைபடத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்று நாசா தட்டை நிராகரித்தது. கலத்திலுள்ள ஒரேயொரு மனிதக் கையெழுத்து இதுதான் என்று சாகன் வாதாடித்தான் அனுமதி வாங்கினார்.

ஆனால் மூட்டையில் வைக்காமல் விட்டவையும் உண்டு. போர், வறுமை, குற்றம் எதையும் காட்டுவதில்லை என்று குழு தீர்மானித்தது. வொயேஜர் 2 மேலெழுந்த அதே 1977 ஓகஸ்டில்தான் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன, சனம் அகதிகளாய் வடக்குக்கு வந்தது. தட்டில் இருக்கிற பூமியில் அகதி இல்லை.

தமிழும் இல்லை. சிங்களம் உண்டு. தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஒரியா உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பேச்சுவழக்கற்றுப்போன சுமேரிய மொழிகூட உண்டு. இதை ஓரவஞ்சனை என்று சொல்லுவது சரியல்ல. ஆபிரிக்காவின் பெரிய மொழியான சுவாகிலியும் விடுபட்டுத்தான் போனது. நேரம் போதாததால், கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் அயலிலும் கைக்கெட்டியவர்களைக் கூப்பிட்டே பெரும்பாலான வாழ்த்துக்களைப் பதிந்தார்கள். அந்த அறைக்குள் நின்று பேச ஆள் கிடைத்த மொழிகள் போயின.

வொயேஜர் 1 இப்போது 2400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் போய்விட்டது. இனி அதில் ஒரு சொல்லையும் சேர்க்க முடியாது. ஆனால் இதில் எங்களுக்கு ஒரு படிப்பினை உண்டு. உலகம் தன் கதையை எழுதேக்கை, பக்கத்தில் நிற்கிறவரைத்தான் கேட்டு எழுதும். நாங்கள் இன்று எத்தனையோ நாடுகளில் பக்கத்தில் நிற்கிறோம். நாளைக்கு ஒருவர் ஒலிவாங்கியை நீட்டி, "உங்கட மொழியில் ஒரு வணக்கம் சொல்லுங்கோ" என்று கேட்டால், எங்கட பிள்ளைகள் தடுமாறாமல் தமிழில் சொல்ல வேண்டும். அதற்கு அவர்களை ஆயத்தம் பண்ணுவது பெற்றோராகிய எங்கட பொறுப்பு.