சரக்கு வண்டியில் வந்த வீடு

இருப்புப்பாதை நிலையத்திலே சரக்குப் பெட்டியொன்று வந்து நிற்கிறது. கதவைத் திறக்கிறான் ஒரு தொழிலாளி. உள்ளே என்ன? சோளமா? நிலக்கரியா? அல்ல, தோழர்களே! உள்ளே இருப்பது அவனுடைய வீடு! உத்தரம் இருக்கிறது, பலகை இருக்கிறது. கதவும் கண்ணாடியும், ஆணியும் வண்ணமும் இருக்கின்றன. கட்டித் தருபவன் மட்டும் இல்லை. அந்த வேலை அவனுடையது.

கற்பனையன்று இது, அமெரிக்க வரலாறு. சிகாகோ நகரத்துச் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908-ஆம் ஆண்டு வீடுகளுக்கென்றே ஒரு விலைப்பட்டியல் நூலை வெளியிட்டது. 44 வகை வீடுகள். விலை 360 டாலர் முதல் 2,890 டாலர் வரை. 1940 வரை நடந்த அவ்வணிகத்தில் 70,000-க்கு மேற்பட்ட வீடுகள் விற்றன என்பர்.

முதலில் வெறும் மரந்தான் வந்தது. சில ஆண்டுகளில், அளவாக அறுத்து, ஒவ்வொரு துண்டின்மீதும் எண்ணிட்டு அனுப்பலாயினர். கூடவே ஒரு வழிகாட்டி நூல். எந்த எண் எந்த இடத்தில் பொருந்தும் என்று படித்தறியத் தெரிந்தால் போதும். தச்சரிடம் பல்லாண்டு பயின்று பெற்ற நுட்பம் தாளிலே கிடைத்தது. எழுத்தறிவின் ஆற்றலை வகுப்பறையில் விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

வெளிச்சுவர்ப் பலகையை எப்படி அடிப்பது? கீழிருந்து மேலாக. மேற்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின்மீது ஏறிப் படியவேண்டும்; மழைநீர் வழுக்கி ஓடும், உள்ளே புகாது.

குழாய் வேலை இன்னும் நுட்பமானது. கழிவுக் குழாய் சாய்வாகச் செல்லவேண்டும். தொட்டியின் அடியில் குழாயை வளைத்து, அவ்வளைவிலே எப்போதும் சிறிது நீர் தேங்கச் செய்யவேண்டும். அந்நீரே காவலாளி! சாக்கடைக் காற்றை அது வீட்டுக்குள் விடாது. அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை பெற்ற கழிப்பறையிலேயே இவ்வளைவு உண்டு. கூரைக்குமேல் செல்லும் காற்றுக் குழாயும் வேண்டும். இல்லையேல் பாய்ந்தோடும் நீர் காவல் நீரையும் உறிஞ்சிச் சென்றுவிடும். இத்தனையும் தனி விலை! பணம் போதாதவன் கொல்லைப்புறக் கழிப்பறையோடு நின்றான்.

நிற்க. அஞ்சல் உறைக்கு நிறம் தெரியாது. பணம் அனுப்பியவன் வெள்ளையனா, கறுப்பினத்தவனா என்பதைச் சரக்குப் பெட்டி கேட்பதில்லை. மரம் வரும், ஆணி வரும், அறிவும் அச்சேறி வரும். ஆனால், வீட்டை எங்கே நிறுத்துவது? வானத்திலா?

1911-ஆம் ஆண்டு. வீடு கட்டக் கடனும் தருகிறோம் என்று சியர்ஸ் முன்வந்தது. அதே ஆண்டில், செயின்ட் லூயி நகரத்து லபாடித் தெருவில் நிலவுடைமையாளர் பலர் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர்: கறுப்பினத்தவரும் மங்கோலிய இனத்தவரும் 50 ஆண்டுக் காலம் இங்கே குடியிருக்கலாகாது! நகரந்தோறும் இத்தகைய பத்திரங்கள் பெருகின. பலவற்றில் ஒரு விதிவிலக்கும் உண்டு: வீட்டு வேலைக்காரராக இருந்தால் தங்கலாம். பாத்திரம் துலக்கக் கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக் கதவு கூடாது! என்ன நீதி இது?

1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அதே லபாடித் தெருவில் கட்டி முடிந்த வீடொன்றை வாங்கிக் குடியேறியது. வழக்குத் தொடுத்தனர். மிசௌரி மாநில உயர்மட்ட நீதிமன்றம் ஒப்பந்தத்தின் பக்கமே நின்றது. குடும்பம் பணியவில்லை. 1948-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், இத்தகைய ஒப்பந்தங்களை நிறைவேற்ற நீதிமன்றங்கள் துணைபோகக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. எழுதிக்கொள்ளத் தடையில்லை, நிறைவேற்றத்தான் தடை! வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனவேற்றுமை காட்டுவதை விலக்கும் கூட்டரசுச் சட்டம் வர 1968 ஆயிற்று. அவ்வரிகள் சட்டத்தில் செத்துவிட்டன; ஆனால் பழைய பத்திரங்கள் பலவற்றில் மை மறையாமல் இன்றும் இருக்கின்றன.