மீட்டர் ஓடின காலமும் ஓடாத காலமும்

"உங்களுக்கென்னங்க, கரண்ட்டு ஃப்ரீ" என்று டவுன் நண்பர்கள் சொல்வதுண்டு. அந்த ஃப்ரீ எப்படி வந்துச்சு, வந்தபிறகு நாங்க தண்ணி பாய்ச்சும் விதத்தை எப்படி மாத்துச்சுன்னு எழுதி வைக்கிறேன்.

1970-ல் பம்புசெட் மின்சாரம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆச்சு. 2 பைசாதானேன்னு இன்னைக்குத் தோணும். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் 3 விவசாயிகள் செத்துப்போனாங்க. பிறகு 1 பைசா குறைச்சாங்க. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூரையே திணற வச்சாங்க.

அந்தக் காலத்தில் மோட்டார் ரூமில் மீட்டர் ஓடும். எங்கப்பா எண்ணைப் பார்த்து சுவத்தில் கரியால குறிச்சு வைப்பார். மடை நிறைஞ்சதும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். தண்ணி மிச்சமாகணும்னு இல்லை, பில்லுக்குப் பயந்துதான்.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிக்கு இலவசமாச்சு. மத்தவங்களுக்கு யூனிட் கணக்கு போய், குதிரைத்திறனுக்கு இவ்வளவுன்னு கட்டணம் வந்துச்சு. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் பத்து மணி நேரம் ஓட்டினாலும் ஒரே காசு. 1989-ல் வந்த கலைஞர் ஆட்சி எல்லா விவசாயிக்கும் இலவசமாக்குச்சு. எத்தனை யூனிட் ஓடுச்சுன்னு பார்க்கிற வேலையே இல்லாம போச்சு.

அப்புறம் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்துச்சு. மும்முனைக் கரண்ட் எப்ப வந்தாலும் மோட்டார் தானா ஓடும். யாரும் பேராசைப்படலை. நாம நிறுத்தினா பக்கத்துக்காரர் போர் இழுத்துக்கும், அவ்வளவுதான். கிணறு வத்தினதும் போர் போட்டோம். 300 அடி பத்தலைன்னா 800 அடி. கரண்டுக்கு மிச்சமான காசு போர் வண்டிக்கும் கேசிங் பைப்புக்கும் போச்சு. ஆழமா போட வசதியில்லாத சின்ன விவசாயிக்கு கரண்ட் ஃப்ரீதான், தண்ணிதான் இல்லை.

அதுக்காக இலவசத்தை எடுத்துடுங்கன்னு சொல்லலை. வெங்காயத்துக்கு விலை வைக்கிற உரிமை எங்களுக்குக் கிடையாது. அப்படியிருக்க கரண்டுக்கு மட்டும் முழு விலை கொடுன்னா, அடுத்த வருஷமே காட்டை வித்துட்டுப் போகணும். ஆனா பில் வராத மீட்டர் ஒண்ணு இருந்தா நல்லதுன்னு படுது. எத்தனை யூனிட் ஓடுச்சு, எவ்வளவு தண்ணி எடுத்தோம்னு நமக்காவது தெரியணும். ஊரில் இதைச் சொன்னா, "மீட்டர் வந்தா பின்னாலேயே பில்லும் வரும்"ங்கறாங்க. அந்தப் பயத்தையும் தப்புன்னு சொல்ல முடியலை. 2 பைசாவுக்கு உயிர் போன மண்ணுங்க இது.