காலடியும் சரக்கும்: கலாபகோஸ் தீவுகளில் சிறு கப்பல் சுற்றுலா எதைக் காக்கிறது?

கலாபகோஸ் தீவுக் கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஃபெர்னாண்டினா இருக்கிறது. ஏறத்தாழ 640 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவு முழுவதும் ஒரே எரிமலை. 2018, 2020, 2024 ஆண்டுகளில் அது வெடித்துக் குழம்பைக் கக்கியது. சுற்றுலாப் பயணிகள் அங்கே கரையிறங்கக்கூடிய இடம் வடகிழக்கு முனையிலுள்ள புந்தா எஸ்பினோசா ஒன்றுதான். காலை 6 மணிக்கு முன்பு இறங்க முடியாது, மாலை 6 மணிக்குப் பின்பு தங்க முடியாது. பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி உடன் வர வேண்டும். நட்டுவைத்த குறிக்கட்டைகள் காட்டும் தடத்தை விட்டு விலகக் கூடாது. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். எலி, பூனை, ஆடு என மனிதரோடு வந்த எந்தப் பாலூட்டியும் இன்றுவரை வேரூன்றாத தீவு இது. எதிரே, குறுகிய நீரிணைக்கு அப்பால் இருக்கும் இசபெலாவில் எலியும் உண்டு, பூனையும் உண்டு.

விதிகள் கடுமையாக இருப்பதால்தான் தீவு கெடாமல் இருக்கிறது என்று இந்த இரண்டு செய்திகளையும் முடிச்சுப் போடுவது எளிது. சிறு கப்பல் பயணங்களை நடத்துவோரும் அதையே சொல்கிறார்கள். சூழலியல் சுற்றுலா குறித்த எழுத்துகளிலும் அக்கருத்து பெருமளவு கேள்விக்குள்ளாகாமல் இடம்பெறுகிறது. அது பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் வாதம். கலாபகோஸில் சிறு கப்பல் முறை காலடிகளைக் கட்டுப்படுத்துவதில் உலகுக்கே முன்மாதிரியாக வெற்றி பெற்றது. ஆனால் இத்தீவுகளின் உயிரினங்களை அழிப்பது பெரும்பாலும் காலடி அல்ல. பயணியின் உணவையும் எரிபொருளையும் பணியாளரையும் சுமந்துகொண்டு பின்னால் வரும் பெருநிலத் தொடர்புதான் அழிக்கிறது. அந்தத் தொடர்பைக் கணக்கில் சேர்க்காமல் கப்பலின் நன்மையை மதிப்பிடுவது ஆய்வுமுறைப் பிழை.

இத்தீவுகள் ஏன் இவ்வளவு நொய்ந்தவை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஈக்வடார் கடற்கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, புவியின் உள்ளே நிலைகொண்ட வெப்பப் புள்ளி ஒன்றின் மேல் அவை பிறக்கின்றன. நாஸ்கா புவித்தட்டு அவற்றைக் கிழக்கு நோக்கி மெல்ல நகர்த்திச் செல்கிறது. ஆகவே மேற்கே உள்ள ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் இளையவை. தென்கிழக்கே உள்ள எஸ்பனோலா முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் முதியது. இவற்றில் எதுவும் ஒருபோதும் கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. பறந்தோ மிதந்தோ வந்து சேர்ந்தவையே இங்கு குடியேறின. பெரிய ஊனுண்ணி நிலப் பாலூட்டி ஒன்றுகூட அப்படி வந்து சேராததால், ஓடித் தப்பும் தேவையே இல்லாமல் தலைமுறைகள் கழிந்தன. 1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் வந்திறங்கிய டார்வின், மரக்கிளையில் இருந்த பருந்தைத் தன் துப்பாக்கி முனையால் தள்ளிவிட முடிந்ததைப் பதிவுசெய்தார். நீலக்கால் பூபிப் பறவை பயணியின் காலடியிலேயே முட்டையிட்டு அமர்ந்திருப்பதும், பறக்கும் திறனையே இழந்துவிட்ட நீர்க்காகம் பாறைமேல் தன் குறுஞ்சிறகுகளை உலர்த்தியபடி நிற்பதும் இந்த வரலாற்றின் விளைவுகள். எந்த அச்சமின்மையைக் காணப் பயணிகள் ஆயிரக்கணக்கில் டாலர் செலவிட்டு வருகிறார்களோ, அதே அச்சமின்மைதான் எலிக்கும் பூனைக்கும் இவ்விலங்குகளை இரையாக்கியது.

தேசியப் பூங்கா 1959இல் அமைந்தது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு அதற்குள் வந்தது. முறையான கப்பல் சுற்றுலா 1960களின் இறுதியில் தொடங்கியது. பயணி கப்பலிலேயே உறங்கி, அங்கேயே உண்டு, பகலில் ரப்பர் படகில் கரைக்கு வந்து போகும் ஏற்பாடு அப்போதே வேர்விட்டது. தீவில் விடுதியும் சாலையும் குப்பைமேடும் வேண்டியதில்லை என்பது அதன் பெருஞ்சிறப்பு. அதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. 1970களின் திட்டம் ஆண்டுக்கு 12,000 பேர் என்ற உச்சவரம்பை முன்வைத்தது. அது மீறப்பட்டதும் 1980களின் தொடக்கத்தில் வரம்பு 25,000 ஆயிற்று, அதுவும் மீறப்பட்டது. 1990இல் சுமார் 41,000 பேரும், 2000இல் சுமார் 69,000 பேரும், 2019இல் 2,71,000 பேரும் வந்தார்கள். 2023இல் இந்த எண்ணிக்கை மூன்று இலட்சத்தைத் தாண்டியது.

மொத்த எண்ணிக்கையைத் தடுக்க முடியாத நிர்வாகம், எண்ணிக்கையைக் காலத்திலும் இடத்திலும் பரப்பிவைக்கும் கலையைக் கற்றுக்கொண்டது. இந்தக் கட்டத்தில்தான் சிறு கப்பல் உண்மையான மேலாண்மைக் கருவியாக மாறியது. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. வழிகாட்டிகள் பூங்காவின் உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். 2012 முதல், எந்தக் கப்பலும் பதினான்கு நாட்களுக்குள் ஒரே தளத்துக்கு இரண்டாம் முறை போகக் கூடாது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த வேளையில் எங்கே இறங்கும் என்பதைப் பூங்கா நிர்வாகமே முன்கூட்டி வகுத்துக் கொடுக்கிறது. இங்குள்ள படகுகளில் பல சரியாகப் பதினாறு பயணிகளுக்கென்றே கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேர் என்ற விதிதான் கப்பலின் அளவைத் தீர்மானித்தது. கப்பல் சிறியது என்பதால் பாதுகாப்பு வரவில்லை. பாதுகாப்பு விதி இருந்ததால் கப்பல் சிறியதாயிற்று.

இம்முறையின் வலிமைக்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இத்தீவுகளின் பறவைகளில் உறுதியானதும், நோய் கண்ட இடங்களில் பயணிகள் இறங்குவதைப் பூங்கா நிறுத்தியது. அட்டவணை முழுவதும் நிர்வாகத்தின் கையில் இருந்ததால் அது முடிந்தது. யார் எங்கே இறங்குகிறார்கள் என்ற கணக்கே இல்லாத கடற்கரைகளில் அவ்வளவு விரைவாகச் செயல்பட வழியில்லை.

அப்படியானால் காலடி சற்றும் தீங்கு செய்யவில்லையா? ஆய்வாளர் மைக்கேல் ரொமேரோவோடு சேர்ந்து மார்ட்டின் விகெல்ஸ்கி கடல் இகுவானாக்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு எச்சரிக்கையோடு வாசிக்கத்தக்கது. பயணிகள் வரும் இடங்களில் வாழும் இகுவானாக்களின் இரத்தத்தில், அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோனின் அளவு இயல்பு நிலையில் கூடியிருக்கவில்லை. பயணிகளால் அவை நீடித்த அழுத்தத்துக்கு ஆளாகவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் அவற்றைப் பிடித்து அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது, ஆளரவமற்ற இடத்து இகுவானாக்களைவிடக் குறைவாகவே அந்த ஹார்மோன் சுரந்தது. உடல் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அத்திருத்தம் நன்மையா, வேறொரு நெருக்கடியில் உயிருக்கு உலை வைக்குமா என்பது திறந்த கேள்வி. காலடிக்கு விளைவு உண்டு என்பதும், அது குறித்த தடங்களை ஒட்டிய இடங்களோடு நிற்கிறது என்பதும் என் மதிப்பீடு.

இனி கப்பலின் பின்பக்கத்தைப் பார்க்கலாம். 2001 சனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவின் துறைமுக வாயிலில் தரைதட்டியது. அதிலிருந்த டீசல் பால்ட்ரா தீவின் எரிபொருள் நிலையத்துக்கானது. உடனிருந்த கனரக எண்ணெய் ஒரு சுற்றுலாக் கப்பலுக்காக வந்தது. அந்தச் சுற்றுலாக் கப்பலின் பயணிகள் தடத்தை விட்டு விலகாமல், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்காமல் திரும்பியிருப்பார்கள். அவர்களை ஓட்டிச் செல்லும் எண்ணெயோ கடலில் கலந்தது. காற்றும் நீரோட்டமும் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டு போனதால் பேரழிவு தவிர்ந்தது என்றே அன்று பலரும் நிம்மதி அடைந்தனர். ஆனால் விகெல்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்கு வேறு செய்தி சொன்னது. மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே தொட்ட சாண்டா ஃபே தீவில், அடுத்த ஓராண்டில் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மாண்டன. எண்ணெய் தொடாத தீவில் அத்தகைய சாவு நிகழவில்லை. பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிரிகளை எண்ணெய் அழித்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். பிணங்கள் கரையில் கறுப்பாகக் குவியவில்லை, படம்பிடிக்க எதுவும் இல்லை. ஒரு தீவின் கடல் இகுவானாக்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த எண்ணை அமைதியாகக் கடந்து செல்ல என்னால் முடியவில்லை. இறங்குதள விதிகளில் எந்த ஒன்றாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

எண்ணெய் விபத்து அரிதானது என்று மறுக்கலாம். அயல் உயிரினங்களின் வரவு அரிதானதல்ல. மனிதரால் கலாபகோஸுக்குக் கொண்டுவரப்பட்ட அயல் இனங்கள் 1,579 என்றும், அவற்றில் 1,476 நிலைபெற்றுவிட்டன என்றும் 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஏறக்குறைய பாதி வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டவை, பெரும்பாலும் செடிகள். தெரியாமல் வந்தவற்றில் பெரும்பங்கு செடிகளோடும் அவற்றைச் சார்ந்த பொருள்களோடும் ஒட்டிக்கொண்டு வந்தன. வாகனங்களும் சரக்குகளும் அதற்கடுத்த வழிகள். க்யூலெக்ஸ் கொசு 1980களில் வேரூன்றியதோடு நிற்காமல், விமானங்கள் வழியே மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருப்பதை 2009இல் மரபணுச் சான்றோடு காட்டினார்கள். ஃபிலோர்னிஸ் டவுன்சி என்னும் ஈயின் புழுக்கள் கூட்டிலிருக்கும் ஃபிஞ்ச் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடித்துக் கொல்கின்றன. இசபெலாவில் மட்டும் சுமார் நூறு பறவைகளாக எஞ்சியிருக்கும் அலையாத்தி ஃபிஞ்ச் இனத்துக்கு இன்று முதன்மையான எமன்களில் அதுவும் ஒன்று. இரவில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கொளிக்குப் பூச்சிகள் ஈர்க்கப்பட்டு, அடுத்த தீவுக்கு இலவசமாகப் பயணிக்கும் ஆபத்தும் இருக்கிறது. வாசலில் காவலை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த நிலை இது.

வந்ததை வெளியேற்ற ஆகும் விலை எவ்வளவு என்பதற்கு இசபெலா திட்டம் சாட்சி. 1997இல் தொடங்கி 2006 வரை வடக்கு இசபெலாவிலும் சாண்டியாகோவிலும் 1,40,000க்கும் மேற்பட்ட ஆடுகள் ஹெலிகாப்டரிலிருந்தும் தரையிலிருந்தும் சுட்டு நீக்கப்பட்டன. அப்படியும் பிண்டா தீவின் ஆமை இனத்தை மீட்க முடியவில்லை. அதன் கடைசி ஆமை 2012 சூன் 24 அன்று இறந்தது. எஸ்பனோலா ஆமைகள் தப்பியதற்குக் காரணம், எஞ்சிய பதினைந்தையும் ஒன்றுசேர்த்து பல பத்தாண்டுகள் இனப்பெருக்கம் செய்வித்த பொறுமை.

கப்பல் சுற்றுலாவை ஆதரிப்போர் இங்கே ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள். கப்பல் படுக்கைகளின் எண்ணிக்கை உரிமங்களால் உறைந்து நிற்கிறது. பெருகியது முழுவதும் புவேர்த்தோ அயோரா போன்ற ஊர்களில் விடுதி எடுத்துத் தங்கும் நிலச் சுற்றுலாதான். ஆகவே பழி அதற்கே உரியது என்கிறார்கள். தரவு அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆயினும் அந்த வாதம் தீவின் மக்களை மறந்துவிடுகிறது. இங்கே 25,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். கப்பல் பயணத்தின் வருவாயில் பெரும்பகுதி நெடுங்காலம் பெருநில நகரங்களான கீட்டோவுக்கும் குவாயகிலுக்கும் வெளிநாடுகளுக்கும் போயிற்று. கடல் அட்டைப் பிடிப்புக்குத் தடை வந்தபோது, 1995இல் மீனவர்கள் டார்வின் ஆய்வு நிலையத்தை முற்றுகையிட்டு ஆமைகளைக் கொல்வதாக மிரட்டியதன் பின்னால் அந்தக் கசப்பும் இருந்தது. மிரட்டல் கொடியது, காப்பின் பலன் யாருக்கு என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. ஊரில் அறை வாடகைக்கு விடும் குடும்பத்தைக் குற்றவாளியாக்கிக் கப்பலைத் தூய்மையானதாகக் காட்டும் எந்தக் கோட்பாட்டையும் நான் ஏற்கத் தயாராக இல்லை. இரண்டும் ஒரே விமானத்தை, ஒரே சரக்குக் கப்பலை, ஒரே எரிபொருளை நம்பியே நடக்கின்றன.

அண்டார்க்டிகாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே பயண நிறுவனங்களின் சங்கமான ஐயாடோ, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்குவதில்லை, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்குவதில்லை என்ற நெறியைக் கடைப்பிடிக்கிறது. நிலையான குடிமக்கள் இல்லாத அங்கே, கப்பல் வந்து போவதோடு பயணிக்கான சரக்கும் போய்விடுகிறது. அங்குள்ள டிசெப்ஷன் எரிமலைத் தீவுக்குப் பொருந்தும் அந்த வாய்பாட்டை அப்படியே பூமத்தியரேகைக்குக் கொண்டுவந்து, காலடிக் கணக்கு போதும் என்று நம்புவது தவறு.

பணம் எங்கே போகிறது என்பதிலும் இந்த நம்பிக்கை தெரிகிறது. 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டம் நுழைவுக் கட்டணத்தைப் பங்கிட்டபோது தேசியப் பூங்காவுக்கு 40 விழுக்காடு ஒதுக்கியது. அயல் உயிர்கள் நுழையாமல் தடுக்கும் சோதனை அமைப்புக்கு 5 விழுக்காடு. தடங்களைக் காக்கும் கைக்கு எட்டு மடங்கு, துறைமுகத்தைக் காக்கும் கைக்கு ஒரு மடங்கு. உயிர்ப் பாதுகாப்புக்கெனத் தனி முகமை 2012இல்தான் வந்தது. வெளிநாட்டுப் பயணிக்கான கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்திருக்கிறது. கூடுதலாக வரும் அந்தப் பணத்தில் முதல் உரிமை குவாயகில் துறைமுகத்தில் காய்கறிக் கூடைகளையும் மரப்பெட்டிகளையும் ஏற்றுமுன் சோதிக்கும் பணிக்கு இருக்க வேண்டும். கப்பலின் பயண உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும், அது எத்தனை தளங்களில் ஒழுங்காக இறங்கியது என்பதோடு, எவ்வளவு எரிபொருள் எரித்தது, எவ்வளவு உணவைப் பெருநிலத்திலிருந்து தருவித்தது, எவ்வளவைத் தீவின் உழவரிடம் வாங்கியது, இரவில் எந்த விளக்கை எரியவிட்டது என்ற விவரங்களையும் ஆண்டுக் கணக்காகக் கேட்டுப் பெற வேண்டும். இறங்குதள அட்டவணையை வேளை பிசகாமல் நடத்திக் காட்டிய நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கைப் பராமரிக்கும் திறன் இருக்கிறது.