222 டொலரும் 225 டொலரும்

வரவு-செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் இரவுகளில் நாங்கள் பத்திரிகை அலுவலகத்தில் கண்விழித்திருப்போம். கல்விக்கு எத்தனை கோடி என்பது முதற்பக்கத் தலைப்பில் ஒன்றாகிவிடும். அந்தக் கோடிகள் எந்தச் சூத்திரத்தின்படி எந்தப் பாடசாலையின் வாசலைச் சென்றடைகின்றன என்பதை எவரும் எழுதியதில்லை. நானும் எழுதவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்றைப் படித்தபோதுதான் அந்தக் குறை என்னை உறுத்தியது.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் எட்ஜ்வூட், அலமோ ஹைட்ஸ் என்று இரு பாடசாலை மாவட்டங்கள். அமெரிக்காவில் பாடசாலை மாவட்டம் என்பது தனியான ஆட்சியலகு. தெரிவு செய்யப்பட்ட சபையும், காணிக்கும் கட்டடத்திற்கும் வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. யாழ்ப்பாணத்தார் சோலைவரி என்பார்களே, ஏறக்குறைய அதுதான். எட்ஜ்வூட்டில் வாழ்ந்தோரில் மிகப் பெரும்பான்மையினர் மெக்சிக்கோ வம்சாவளியினர். 1968 மே மாதம் அங்குள்ள உயர்தரப் பாடசாலையின் மாணவர் சில நூறு பேர் வகுப்புகளை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டில், விமானப்படைத் தளத்தில் தகரவேலை செய்த டிமெட்ரியோ ரொட்றிக்கஸ் என்னும் தந்தையும் வேறு சில பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர்.

அந்த வழக்கிலுள்ள கணக்கு 1967-68 கல்வியாண்டுக்குரியது. எட்ஜ்வூட்டில் ஒரு மாணவருக்கு 5,960 டொலர் பெறுமதியான ஆதனம் இருந்தது. அலமோ ஹைட்ஸில் 49,000 டொலருக்கு மேல். எட்ஜ்வூட் மக்கள் நூறு டொலருக்கு 1.05 டொலர் வரி கொடுத்தனர். அந்த நகர்ப்பகுதியில் அதுவே மிக உயர்ந்த வீதம். அலமோ ஹைட்ஸில் 85 சதம் மட்டுமே. ஆயினும் அடிப்படைத் திட்டத்துக்கு உள்ளூர் செலுத்தவேண்டிய பங்கு போக, எட்ஜ்வூட்டில் மாணவருக்கு எஞ்சியது 26 டொலர். அலமோ ஹைட்ஸில் 333.

இந்தப் பள்ளத்தை மாநில அரசு நிரப்பியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். மாநிலம் எட்ஜ்வூட்டுக்குக் கொடுத்தது 222 டொலர். அலமோ ஹைட்ஸுக்கு 225. செல்வந்தருக்கு மூன்று டொலர் கூடுதல்! மத்திய அரசின் உதவியையும் சேர்த்தால் மொத்தம் 356 டொலரும் 594 டொலரும்.

எவரும் வஞ்சகமாகப் பேனாவை ஓட்டியதால் வந்த வினையல்ல இது. 1949 இல் இயற்றப்பட்ட கில்மர்-எய்க்கின் சட்டங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்சக் கல்வியை உறுதிசெய்யவே வந்தன. ஆனால் மாநிலப் பணத்தின் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குரியது. சம்பளமோ தகைமைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப அமைந்தது. நல்ல தகைமையுள்ள ஆசிரியரைக் கவரக்கூடிய மாவட்டத்தை நோக்கி மாநிலப் பணமும் அவர் பின்னாலேயே நடந்தது. எங்கள் நாட்டில் பாடசாலைக்கென்று சோலைவரி இல்லை. சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது. இருந்தும் அனுபவமுள்ள ஆசிரியர் நகரத்துப் பாடசாலையில் திரளும்போது அரச பணமும் அங்கேதான் திரள்கிறது. இதை நாங்கள் ‘இடமாற்றப் பிரச்சினை’ என்றே எழுதி வந்தோம்.

1971 இல் கீழ்நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1973 மார்ச் 21 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் (தமிழகத்தார் உச்ச நீதிமன்றம் என்பர்) ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதனைப் புரட்டியது. கல்வி அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று எனப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் லூயிஸ் பவல். அவர் முன்னர் றிச்மண்ட் நகரப் பாடசாலைச் சபையின் தலைவராக இருந்தவர். சீர்திருத்தம் தேவை என்பதை அவரும் மறுக்கவில்லை. அதனைச் சட்டசபையினர் செய்யட்டும் என்றார். தேர்குட் மார்ஷல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

வாஷிங்டனில் மூடிய கதவு டெக்சாஸிலேயே திறந்தது. அம்மாநிலத்தின் 1876 ஆம் ஆண்டு அரசியலமைப்பு ‘திறமையான’ பொதுப் பாடசாலை முறைமையைக் கோருகிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்ஜ்வூட் 1984 இல் மீண்டும் வழக்காடியது. 1989 இல் மாநில உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அப்போது மிகச் செல்வமுள்ள மாவட்டத்துக்கும் மிக வறிய மாவட்டத்துக்கும் இடையே மாணவருக்கான ஆதனப் பெறுமதி 700க்கு ஒன்று என்றிருந்தது. சட்டசபை கொண்டுவந்த முதலிரு திருத்தங்களையும் நீதிமன்றம் நிராகரித்தது. 1993 இல் வந்த சட்டமே 1995 இல் தப்பிப் பிழைத்தது. செல்வ மாவட்டத்தின் மிகை வரியைப் பிற மாவட்டங்களுக்குப் பகிரும் அம்முறைக்கு மக்கள் இட்ட பெயர் ‘ரொபின் ஹூட்’.

ஆனால் ஆதனத்தின் விலையை வைத்து மாவட்டத்தின் செல்வத்தை அளந்தால், அங்கே படிக்கும் பிள்ளையின் வறுமை கணக்கில் மறைந்துபோகலாம். ஹியூஸ்டனில் வானளாவிய கட்டடங்களால் ஆதனப் பெறுமதி ஏறியது. மாணவரிற் பெரும்பாலோர் ஏழைகள். அந்த மாவட்டமும் ‘செல்வ மாவட்டம்’ ஆகிப் பணம் செலுத்த நேர்ந்தது. 2016 நவம்பரில் அங்குள்ள வாக்காளர் செலுத்த மறுத்தனர். 2017 மே மாதம் மீண்டும் வாக்களித்துச் சம்மதித்தனர்.

ரொட்றிக்கஸ் 2013 இல் காலமானார்.