உப்பில்லாத தட்டு: சமைக்காத உணவும் தைராய்டு குறைசுரப்பும்

சமைக்காத உணவுக்கு மாறும் தைராய்டு நோயாளிக்கு முதலில் கிடைக்கும் எச்சரிக்கை முட்டைக்கோசைப் பற்றியது. கோசைப் பச்சையாகத் தின்னக் கூடாது, முள்ளங்கியைத் தொடக் கூடாது, சுரப்பி வீங்கிவிடும் என்பார்கள். இந்த எச்சரிக்கைக்கு வேதியியல் அடிப்படை உண்டு. ஆனால் அது நோயாளியின் கவனத்தைத் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பச்சை உணவில் பெரும்பாலும் சத்தமின்றிக் குறைந்துபோவது அயோடின். அது குறைவது உப்பின் வழியாக. அடுத்து கவனிக்க வேண்டியது காலையில் விழுங்கும் மாத்திரை குடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பது. கோசு இவ்விரண்டுக்கும் பின்னர்தான் வரவேண்டும்.

பச்சை உணவு ஒரு மருத்துவமுறையாக வளர்ந்த நாடும் அயோடின் உப்பு முதலில் மக்களின் சமையலறைக்குச் சென்ற நாடுகளில் ஒன்றும் சுவிட்சர்லாந்துதான். சூரிச் மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் 1904இல் அந்நகரில் தம் மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். கதிரவன் காய்கனிகளில் சேர்த்துவைக்கும் ஆற்றலைச் சமையல் சிதைத்துவிடுகிறது என்பது அவர் கொள்கை. துருவிய ஆப்பிளும் ஊறிய ஓட்ஸும் எலுமிச்சைச் சாறும் கொட்டைப் பருப்புகளும் சேர்ந்த அவருடைய உணவுதான் இன்றைய மியூஸ்லியின் மூலம். அதே ஆண்டுகளில் அந்நாட்டின் மலைப் பள்ளத்தாக்குகளில் முன்கழுத்துக் கழலை தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. உடலும் அறிவும் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். பெர்ன் நகரின் அறுவை மருத்துவர் தியோடர் கோஹர் தைராய்டுச் சுரப்பி பற்றிய பணிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கத்தி வைத்த கழலைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

காரணம் மண்ணில் இருந்தது. பனியுகத்துப் பனியாறுகள் மேல்மண்ணை அரித்துச் சென்றபோது அயோடினும் அதனோடு போயிற்று. சூரிச்சுக்கு அருகிலுள்ள அட்லிஸ்வில்லில் பணியாற்றிய ஹைன்ரிஹ் ஹுன்சிக்கர், கழலை அயோடின் குறைவால் வருவது என்று வாதிட்டார். ஓட்டோ பயார்ட் 1918இல் கிரேஹன் என்ற மலையூரில் சமையல் உப்போடு மிகச் சிறிதளவு அயோடைடு கலந்து குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், கழலைகள் சுருங்கின. 1922இல் ஹான்ஸ் எகன்பெர்கரின் முயற்சியால் அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் ஏற்கப்பட்ட அளவு கிலோவுக்கு 3.75 மில்லிகிராம் அயோடின் மட்டுமே. அவ்வளவே பெரிய மாற்றத்தைச் செய்தது.

இவ்வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. அந்தப் பள்ளத்தாக்கில் விளைந்த காயைப் பச்சையாகத் தின்றாலும் வேகவைத்துத் தின்றாலும், மண்ணில் இல்லாத அயோடின் உடலுக்கு வராது. பச்சை உணவுக்காரர்கள் சொல்லக்கூடிய ஒரு நியாயம் உண்டு: காயை வேகவைத்து நீரை வடித்தால் இருக்கும் அயோடினிலும் ஒரு பங்கு போய்விடும். அதை ஏற்கலாம். ஆனால் அது சிறு ஆதாயம். உப்பு விலகும்போது வரும் இழப்பு பெரிது.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். வி. ராமலிங்கசாமி குழுவினர் 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு அயோடின் உப்பின் பயனை இங்கே நிறுவியது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நுகர்வோர் கைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வயதுவந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை. 15 மில்லிகிராம் உள்ள உப்பில் 5 கிராம் உண்பவருக்கு 75 மைக்ரோகிராம் கிடைக்கிறது; மீதியைப் பாலும் முட்டையும் மீனும் தருகின்றன. சமைக்காத தாவர உணவுக்கு மாறுபவர் இவை அனைத்தையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார். குழம்பும் பொரியலும் போனபின் உப்பு ஒரு சிட்டிகையாகக் குறைகிறது. அந்தச் சிட்டிகையும் பலர் வீட்டில் இந்துப்பாக மாறியிருக்கிறது. பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் அவ்வுப்பில், தனியே சேர்த்தாலன்றி, பயன்படும் அளவுக்கு அயோடின் இல்லை. 2003இல் வெளிவந்த சுலோவாக்கிய ஆய்வொன்றில், விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்களில் 80 விழுக்காட்டினரிடம் அயோடின் குறைவு காணப்பட்டது. கலப்புணவு உண்பவர்களில் அது 9 விழுக்காடு. கோசைப் பற்றி அஞ்சுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

குறைவை ஈடுகட்டக் கடற்பாசித் தூளுக்குப் போவது எதிர்த்திசையில் ஓடுவதாகும். கொம்பு (kombu) எனப்படும் கடற்பாசி வகையில் ஒரு கிராமிலேயே 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருக்கக்கூடும். ஹஷிமோட்டோ எனப்படும் தன்னெதிர்ப்பு அழற்சி உள்ளவருக்கு அத்தகைய மிகை, சுரப்பை மேலும் ஒடுக்கிவிடலாம்.

இனி கோசு. 1928இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செஸ்னியும் உடன் பணியாற்றியோரும், கோசையே முதன்மை உணவாகக் கொண்ட முயல்களுக்குக் கழலை வளர்வதைக் கண்டார்கள். 1949இல் எட்வின் ஆஸ்ட்வுட் குழு டர்னிப் இனக் கிழங்கிலிருந்து காய்ட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. இக்குடும்பத்துக் காய்களில் குளுக்கோசினோலேட்டுகள் உள்ளன. காயை நறுக்கும்போதும் மெல்லும்போதும் மைரோசினேஸ் என்ற நொதி அவற்றைச் சிதைக்கிறது. விளைபொருள்களில் தயோசயனேட் சுரப்பிக்குள் அயோடைடு நுழைவதைத் தடுக்கும். அயோடின் போதிய அளவு இருந்தால் இத்தடையை வென்றுவிடலாம். காய்ட்ரின் ஹார்மோன் உருவாவதையே தடுக்கும். அயோடினால் அதை முழுமையாக வெல்ல முடியாது. சமையல் சூடு நொதியை அழிப்பதால், பச்சைக் கோசுதான் ஆபத்து என்ற முடிவு பிறந்தது. ஆனால் கிரீரும் டீனியும் 1959இல் காட்டியபடி, நொதி இல்லாமல் மூலப்பொருளை மட்டும் உண்டாலும் உடலுக்குள் காய்ட்ரின் உருவாகிறது. ஆகவே அடுப்பு ஆபத்தைக் குறைக்கிறது, நீக்கிவிடுவதில்லை.

அளவே இங்கே முதன்மையானது. 2010இல் பதிவான நியூயார்க் நிகழ்வில், நீரிழிவைக் கட்டுப்படுத்தும் நம்பிக்கையில் 88 வயதுப் பெண்ணொருவர் பல மாதங்கள் நாள்தோறும் 1 முதல் 1.5 கிலோ பாக் சோய்க் கீரையைப் பச்சையாக உண்டு, கடும் குறைசுரப்பால் நினைவிழந்த நிலைக்குப் போனார். மறுபுறம், 1986இல் நடந்த சோதனையில் நான்கு வாரங்கள் நாளுக்கு 150 கிராம் வேகவைத்த களைக்கோசு உண்டவர்களின் தைராய்டு இயக்கம் மாறவில்லை. சீனாவில் 12 வாரங்கள் புரோக்கோலி முளைச்சாறு குடித்தவர்களிடமும் தைராய்டுப் பாதிப்பு ஏற்படவில்லை என்று 2019இல் வெளியான முடிவு சொல்கிறது. புரோக்கோலியில் காய்ட்ரினுக்கு மூலமான பொருள் குறைவு. ஆக, ஒரு கிண்ணம் பச்சடியில் கிடக்கும் கோசுத் துருவலை ஒரு கிலோக் கீரையோடு ஒப்பிட்டு நோயாளியை அச்சுறுத்துவது முறையன்று.

யாருக்கு என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும். சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டு முழு அளவு மாத்திரையில் வாழ்பவருக்குக் காய்ட்ரின் தடுக்க எதுவுமில்லை. ஹார்மோனை உருவாக்குவது அவர் கழுத்தன்று. அந்த மாத்திரையில் உள்ள ஹார்மோனான லிவோதைராக்சினின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அயோடின் என்பதால் அவருக்கு உப்புக் கவலையும் குறைவு. சுரப்பி பாதி உழைத்துக்கொண்டிருப்பவருக்கும், எல்லையோரக் குறைசுரப்பு என்று சொல்லி அனுப்பப்பட்டு மாத்திரை தொடங்காதவருக்கும்தான் உப்பும் காயும் ஒருசேர முக்கியம். இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாத் தைராய்டு நோயாளிக்கும் ஒரே தடைப்பட்டியலை நீட்டும் வழக்கம் மாற வேண்டும்.

மாத்திரையின் சிக்கல் அதை உட்கொள்ளும் எல்லாருக்கும் பொது. லிவோதைராக்சினை வெறும் வயிற்றில், உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரோடு விழுங்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. பச்சை உணவுக்கு மாறியவர்களிடம் காலை எழுந்ததும் சாம்பல் பூசணிச் சாறோ அருகம்புல் சாறோ குடிக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. சாறும் மாத்திரையும் ஒரே நேரத்தில் வயிற்றில் சேரக் கூடாது. நார்ச்சத்து மிகுந்த உணவு மாத்திரையின் தேவையைக் கூட்டக்கூடும் என்பதும் அறியப்பட்டதே. நாளுக்கு நாள் உணவு மாறினால் உறிஞ்சப்படும் அளவும் மாறும். மருத்துவருக்கு ஒரு நிலையான அளவைக் கண்டுபிடிப்பது கடினமாகும். நோயாளி நார் மிகுந்த உணவையே உண்ணட்டும், ஆனால் ஒரே ஒழுங்கில் உண்ணட்டும். உணவு மாறிய ஆறு முதல் எட்டு வாரத்தில், சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சின் அளவைப் பார்க்கட்டும். மாத்திரையில் உள்ள ஹார்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் அதற்கு முன் செய்யும் சோதனை உண்மை நிலையைக் காட்டாது.

எல்லாச் சோர்வும் மாத்திரைக் குறைவால் வருவதன்று. உணவின் ஆற்றல் அளவு குறையும்போது, உடல் டி4 என்ற தைராய்டு ஹார்மோனை வீரியமிக்க டி3 ஆக மாற்றுவதைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது குளிர் உணர்வும் சோர்வும் வரும். டிஎஸ்ஹெச் இயல்பாகவே இருக்கலாம். ஜெர்மனியின் நெடுங்காலப் பச்சை உணவுக்காரர்களைப் பற்றி 1999இல் வெளிவந்த ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. ஆற்றல் போதாத இத்தகைய உடலில் சோர்வைப் பார்த்து மாத்திரையை ஏற்றுவது பிழை. கொட்டைப் பருப்பையும் தேங்காயையும் கூட்ட வேண்டியிருக்கும்.

மிகுந்த அக்கறையோடு சொல்ல வேண்டியது கருவுறும் பெண்களைப் பற்றி. கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் ஹார்மோனை நம்பியே வளர்கிறது. பிறகு கருவின் சொந்தச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும். எனவே உலகச் சுகாதார நிறுவனம் கருவுற்றவரின் நாள் தேவையை 250 மைக்ரோகிராமாக வைத்திருக்கிறது. மாத்திரை உட்கொள்பவருக்குக் கருவுற்றது தெரிந்தவுடன் அளவை 20 முதல் 30 விழுக்காடு கூட்ட நேரிடுவது வழக்கம். தாயின் மாத்திரையைச் சரிசெய்வது மட்டும் குழந்தையின் அயோடின் தேவையை நிறைவு செய்துவிடாது. பச்சை உணவைத் தொடர விரும்பும் பெண், இந்துப்பை விட்டு அயோடின் உப்புக்குத் திரும்புவதையும் அயோடின் சேர்ந்த மகப்பேற்றுக்கால மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதையும் கருவுறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.