வண்டிக்கு வாடகை

இன்டர்நெட்டில் எதையாவது வாங்கியிருப்பீர்கள். புத்தகமோ, புடவையோ, மிக்ஸியோ. பக்கத்தின் மேல் மூலையில் ஒரு குட்டித் தள்ளுவண்டி படம் இருக்கும். பிடித்ததை அதில் போடுவீர்கள். இன்னும் நாலு பொருளைப் பார்ப்பீர்கள். மனசு மாறினால் ஒன்றை எடுத்துவிடுவீர்கள். கடைசியில் பணம் கட்டுவீர்கள். அண்ணாச்சி கடையில் கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிற அதே காரியம்தான். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? அமெரிக்க அரசாங்கம் 1998-ல் இதற்கு ஒரு பேட்டன்ட் கொடுத்தது. பிற்பாடு அந்த வண்டிக்குக் கோடிக்கணக்கில் வாடகையும் வசூலானது.

பேட்டன்ட் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். உன் கண்டுபிடிப்பை மறைக்காமல் ஊருக்குச் சொல், பதிலுக்கு 20 வருஷம் வேறு யாரும் அதைச் செய்யவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது அரசாங்கம். ஒரு மருந்துக்காகப் பத்து வருஷம் லேபில் கிடப்பவருக்கு இது நியாயம். ஆனால் சாஃப்ட்வேர்? ஒரு சின்ன புரோகிராமிலேயே நூறு யோசனைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தால் எழுதுகிறவன் கதி என்ன?

1979-ல் விசிகால்க் என்று ஒரு புரோகிராம் வந்தது. கட்டம் கட்டமாக எண்களைப் போட்டு, ஒரு எண்ணை மாற்றினால் மொத்தக் கணக்கும் தானாக மாறுகிற ஸ்ப்ரெட்ஷீட். எழுதியவர்கள் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன். பேட்டன்ட் வாங்கலாமா என்று வக்கீலிடம் கேட்டார்கள். அந்தக் காலத்தில் சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நூற்றுக்குப் பத்து வாய்ப்பு இருந்தால் அதிகம் என்றார் வக்கீல். விட்டுவிட்டார்கள். 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்து விசிகால்க்கைத் தூக்கிச் சாப்பிட்டது. 1985-ல் எக்ஸெல் வந்தது. பேட்டன்ட் கிடைத்திருந்தால் அன்றைய சட்டப்படி 17 வருஷம் ஏகபோகம், அதாவது கிட்டத்தட்ட 1990-களின் பிற்பகுதி வரை. உங்கள் ஆபீஸ் அக்கவுன்டன்ட் இன்று எக்ஸெலைத் தட்டிக்கொண்டிருப்பதில் அந்த வக்கீலின் அவநம்பிக்கைக்கும் பங்கு உண்டு. பிரிக்லினும் ஃபிராங்ஸ்டனும் பெரும் பணக்காரர்களாகாமல் போனதிலும்தான்.

பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ரப்பரைப் பதப்படுத்தும் இயந்திரத்தோடு சேர்ந்த ஒரு புரோகிராமை 1981-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. 1998-ல் கீழே இருந்த அப்பீல் கோர்ட் ஒரு வழக்கில் வியாபார முறைகளுக்கும் பச்சைக்கொடி காட்டிவிட்டது. அவ்வளவுதான். விண்ணப்பங்கள் மழையாகக் கொட்டின.

நம் தள்ளுவண்டிக்கு வருவோம். அதற்கு 1994-ல் விண்ணப்பித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஓப்பன் மார்க்கெட் என்ற கம்பெனி. மோசடிப் பேர்வழிகள் இல்லை. இன்டர்நெட் வியாபாரத்துக்கு நிஜமாகவே சாஃப்ட்வேர் எழுதி விற்றவர்கள். டாட்காம் குமிழி வெடித்தபோது கம்பெனி 2001-ல் கைமாறியது. வாங்கிய கம்பெனியும் 2003-ல் திவாலானது. திவாலான சொத்துகளிலிருந்து இந்த பேட்டன்ட்கள் சோவரெய்ன் என்ற கம்பெனியின் கைக்குப் போயின. 2004 ஜனவரியில் அது அமேசான் மேல் கேஸ் போட்டது. 2005-ல் அமேசான் 4 கோடி டாலர் கொடுத்து சமாதானமாகப் போய்விட்டது.

அமேசானே ஏன் பணிந்தது? கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பேட்டன்ட் வழக்கைக் கடைசிவரை நடத்தப் பல லட்சம் டாலர் ஆகும். ஜெயித்தாலும் உங்கள் வக்கீல் ஃபீஸ் சாதாரணமாகத் திரும்பி வராது. தோற்றால் எவ்வளவு என்று ஜூரி முடிவு செய்யும். இரண்டு பெரிய கம்பெனிகள் மோதினால், நீ என்மேல் போட்டால் நானும் உன்மேல் போடுவேன் என்ற பரஸ்பர பயமாவது இருக்கும். ஒன்றையும் தயாரிக்காதவன் மேல் எதைச் சொல்லித் திருப்பிப் போடுவது? அவனிடம் கடையே கிடையாதே! ஆகவே, கொடுத்துத் தொலை என்பதுதான் பெரும்பாலான வக்கீல்களின் யோசனை. பேட்டன்ட் ஓட்டையா உறுதியா என்ற கேள்விக்கே யாரும் போகமாட்டார்கள்.

எங்கே கேஸ் போடுவது என்பதும் ஒரு கலை. கிழக்கு டெக்சாஸில் மார்ஷல் என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் 23,000. சாஃப்ட்வேர் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அங்கே 1999-ல் நீதிபதியான ஜான் வார்ட், வாய்தா மேல் வாய்தா கிடையாது, இத்தனை பக்கம், இத்தனை மணி நேரம் என்று கடிகாரம் வைத்து வழக்குகளை ஓட்டினார். வழக்குப் போடுகிறவர்களுக்குத் தேன் குடித்த மாதிரி ஆகிவிட்டது. கோர்ட்டைச் சுற்றிக் காலி அறைகளை வாடகைக்குப் பிடித்து, வாசலில் போர்டு மட்டும் மாட்டிய ‘கம்பெனிகள்’ முளைத்தன. 2015-ல் அமெரிக்கா முழுவதும் போட்ட பேட்டன்ட் வழக்குகளில் பத்தில் நாலுக்கும் மேல் அந்தக் கிழக்கு டெக்சாஸ் கோர்ட்டில்தான். அடிக்கடி வழக்குக்கு இழுக்கப்பட்ட சாம்சங், மார்ஷல் கோர்ட் வாசலில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மைதானம் போட உதவியது. ஜூரியில் உட்காரப்போவது உள்ளூர்க்காரர்கள் ஆயிற்றே!

இப்படி வசூல் செய்கிறவர்களுக்கு ‘டிரால்’ என்று பெயர் வந்தது ஒரு தனிக்கதை. இன்டெல் கம்பெனியின் வக்கீல் பீட்டர் டெட்கின் அவர்களை ‘பேட்டன்ட் மிரட்டல்காரர்கள்’ என்று சொல்லப்போக, அவதூறு வழக்கு வந்து சேர்ந்தது. வேறு வார்த்தை தேடினார்கள். ஸ்காண்டிநேவிய நாடோடிக் கதைகளில் பாலத்தடியில் பதுங்கியிருந்து, கடக்க வருகிற ஆடுகளை மறிக்கிற பூதத்துக்கு டிரால் என்று பெயர். பாலம் கட்டியது அதுவல்ல. வழிமறிப்பு மட்டும் அதனுடையது. பெயர் ஒட்டிக்கொண்டது. இதே டெட்கின் பிற்பாடு இன்டலெக்சுவல் வென்ச்சர்ஸ் என்ற கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரானார். ஆயிரக்கணக்கில் பேட்டன்ட்களை வாங்கிக் குவித்த அந்தக் கம்பெனியை உலகத்திலேயே பெரிய டிரால் என்று திட்டாதவர்கள் குறைவு.

எல்லோரையும் பூதம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. தாமஸ் காம்பானா என்ற இன்ஜினீயர் 1990 வாக்கில், கம்பியில்லாமல் பேஜருக்கு ஈமெயில் அனுப்பும் வழியை உருவாக்கினார். வியாபாரம் போணியாகவில்லை. ஒரு வக்கீலோடு சேர்ந்து 1992-ல் என்டிபி என்ற கம்பெனியில் பேட்டன்ட்களைப் பூட்டி வைத்தார். பிளாக்பெரி சக்கைப்போடு போட்டபோது, 2001-ல், அதைச் செய்த கனடாவின் ரிம் கம்பெனி மேல் என்டிபி வழக்குப் போட்டது. ஜூரி என்டிபி பக்கம். பிளாக்பெரியே நின்றுபோகும் நிலைமை. எங்கள் அதிகாரிகள் கையில் இருப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று அமெரிக்க அரசாங்கமே கோர்ட்டில் கேட்டுக்கொண்டது. இதில் வேடிக்கை, பேட்டன்ட் ஆபீஸ் அதே பேட்டன்ட்களை மறுபரிசீலனையில் ஒவ்வொன்றாக நிராகரித்துக்கொண்டிருந்தது. கோர்ட் அதற்குக் காத்திருக்கத் தயாராக இல்லை. 2006 மார்ச்சில் ரிம் 61 கோடியே 25 லட்சம் டாலர் கட்டியது. காம்பானா அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார். அவரை வழிப்பறிக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தேகத்தில் இருக்கிற ஒரு பேட்டன்டுக்கு அவ்வளவு பணம் பிடுங்கவிட்ட ஏற்பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

தள்ளுவண்டி விஷயத்தில் மட்டும் ஒருவர் பணியவில்லை. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கலிஃபோர்னியாவின் நியூஎக் கம்பெனி. 2007-ல் சோவரெய்ன் அதன்மேல் வழக்குப் போட்டது. கிழக்கு டெக்சாஸிலேயே டைலர் என்ற ஊரில் 2010-ல் விசாரணை. 1980-களிலேயே கம்ப்யூசெர்வ் மாலில் வாடிக்கையாளர்கள் டெலிபோன் லைன் வழியாக, பொருளுக்கு ஓர் ஆணை, கணக்கு முடிக்க ஓர் ஆணை என்று தட்டி வாங்கிக்கொண்டிருந்தார்களே, இதில் புதுசு என்ன என்றது நியூஎக். அந்தக் கேள்வியை ஜூரி முன் வைக்கவே நீதிபதி விடவில்லை. 25 லட்சம் டாலர் தண்டம். பெரிய கம்பெனிகள் கட்டிவிட்டுப் போயிருக்கும். நியூஎக் அப்பீலுக்குப் போனது. 2013 ஜனவரியில் அப்பீல் கோர்ட், வழக்கில் இருந்த அத்தனை உரிமைகளும் செல்லாது, இது தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று அடித்துப் போட்டது. ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் டாலர் கட்டும்படி தீர்ப்பாகியிருந்த விக்டோரியா’ஸ் சீக்ரெட்டும் ஏவானும் இதே தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் தப்பித்தன. அமேசான் கொடுத்தது கொடுத்ததுதான்.

நியூஎக்குக்கு அப்பீல் வரை போகப் பணமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. தனியாளாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு? 2011 மே மாதம் லாட்சிஸ் என்ற கம்பெனி, ஐபோனுக்குச் சின்னச் சின்ன அப்ளிகேஷன்கள் எழுதுகிறவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. புரோகிராமுக்குள்ளேயே ‘வாங்கு’ என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறாயே, அது எங்கள் பேட்டன்ட். அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவீதம் கொடு. பேட்டன்டின் மூலம் 1992-ல் செய்த விண்ணப்பம். அப்போது ஐபோனும் இல்லை, ஆப் ஸ்டோரும் இல்லை. நாங்கள் ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியாயிற்று, அது இவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று ஆப்பிள் வழக்கில் நுழைந்தது. லாட்சிஸ் மாட்டியவர்களோடு தனித்தனியாக சமாதானமாகிவிட்டது. இனி முடிவு செய்ய எதுவுமில்லை என்று 2013-ல் கோர்ட் ஆப்பிளின் வாதத்தைக் கேட்காமலே முடித்துவிட்டது. இதற்கிடையில் பிரிட்டனில் சிலர் எதற்கு வம்பு என்று தங்கள் புரோகிராம்களை அமெரிக்கக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இவர்கள் எடுத்தது செய்தியானது. பயந்துபோய் எழுதவே ஆரம்பிக்காதவர்களை எந்தப் பத்திரிகை எண்ணும்? இப்படிப்பட்ட வழக்குகளால் 2011-ல் மட்டும் கம்பெனிகளுக்கு ஆன நேரடிச் செலவு 2,900 கோடி டாலர் என்று பெஸன், மியூரர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். தொகை அதிகம் என்று சண்டை போட்டவர்களும் உண்டு. எழுதப்படாத சாஃப்ட்வேர் அந்தக் கணக்கிலும் இல்லை.

நம்ம ஊரில் எப்படி என்பீர்கள். 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் சாஃப்ட்வேர் பேட்டன்டுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2005-ல் பார்லிமென்ட் அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இங்கே பேட்டன்ட் கிடையாது. ‘வெறும்’ என்றால் என்ன என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் சென்னையில் உட்கார்ந்து எழுதியதை அமெரிக்காவில் விற்றால் அந்த ஊர்ச் சட்டம்தான்.

அங்கேயும் கொஞ்சம் சுத்தம் செய்தார்கள். பழைய யோசனையைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் மட்டும் புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்று 2014-ல் ஆலிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஏகப்பட்ட பேட்டன்ட்கள் செத்தன. உள்நாட்டுக் கம்பெனி மேல் நினைத்த ஊரில் வழக்குப் போட முடியாது. அது பதிவான மாநிலத்திலோ, கடை கண்ணி வைத்திருக்கும் இடத்திலோதான் என்று 2017-ல் இன்னொரு தீர்ப்பு. 2019-ல் ஆப்பிள் கிழக்கு டெக்சாஸ் கோர்ட்டின் எல்லைக்குள் இருந்த தன் இரண்டு கடைகளையும் மூடிவிட்டு, எல்லைக்குச் சற்று வெளியே ஒன்றைத் திறந்தது. காரணம் சொல்லவில்லை. கூட்டம் சில வருஷம் மேற்கு டெக்சாஸின் வேகோ நகருக்கு, இன்னொரு சுறுசுறுப்பான நீதிபதியைத் தேடிப் போனது. 2022-ல் அந்த வழக்குகளைப் பல நீதிபதிகளுக்குப் பிரித்துக் கொடுத்து அதை அடக்கினார்கள். 2024-ல் அமெரிக்காவிலேயே அதிகமான பேட்டன்ட் வழக்குகள் பதிவான இடம் மறுபடியும் கிழக்கு டெக்சாஸ்.